போதகரம்மா முதலில் சறுக்கினார்: நெடுமங்காட்டுப் பக்கம் ஒரு தண்ணீர்ப் பூங்கா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பொன்முடிப் பயணக் கட்டுரை அல்ல. பொன்முடிக்குக் கிளம்பி, போக முடியாமல் போய், அதைவிட நல்ல இடத்துக்குப் போய்ச் சேர்ந்த கட்டுரை. பொன்முடியைத் தேடி இந்தப் பக்கம் வந்தவர்கள் கோபப்படாமல் கொஞ்சம் இருந்து வாசியுங்கள். முடிந்தால் உங்கள் வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

நடந்தது 2005 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. எங்கள் ஊர் பாறசாலைப் பக்கம், திருவனந்தபுரம் மாவட்டத்தின் தெற்கு ஓரம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், ஆபீசில் இரண்டும் கலந்து மேலே கொஞ்சம் இங்கிலீஷ். எங்கள் கிறிஸ்தவ சபையில் பெண்கள் ஐக்கிய சங்கம் என்று ஒன்று உண்டு. வருஷத்துக்கு ஒரு டூர் போவோம். பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அதை நடத்துவது ஆண்கள்! சபைக் கமிட்டியிலிருந்து ஐந்தாறு பேர் 'துணைக்கு' என்று வருவார்கள். முன் சீட்டு அவர்களுக்கு, ஜன்னல் சீட்டும் அவர்களுக்கு. இடம் எல்லா வருஷமும் பொன்முடி மலைதான். மேலே போனதும் அவர்கள் காற்று வாங்கப் போய்விடுவார்கள். நாங்கள் பாயை விரித்து, சோற்றுச் சருவத்தை இறக்கி, இலை போட்டு, பரிமாறி, கழுவி, மூட்டை கட்டி நிமிர்வதற்குள் பனி வந்து மலையை மூடிவிடும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பொன்முடிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். சருவத்தின் அடிப்பாகத்தைத்தான் நன்றாகப் பார்த்திருக்கிறேன், பொன்முடியைப் பார்த்ததில்லை.

இந்த வருஷம் சங்கத்துக்கு நான் செக்ரட்டரி. கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து, "இந்தத் தடவை டூரை நாங்களே நடத்துகிறோம், பெண்கள் மட்டும் போகிறோம்" என்றேன். கமிட்டியில் இருக்கும் என் வீட்டுக்காரர், எனக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாததுபோல ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். கமிட்டியில் மூத்தவர் ஞானதாஸ் சார். அவர்தான் கடைசியில் வாயைத் திறந்தார்.

"சரி, ஒரு வருஷம் போய்ப் பாருங்க. ஒரு குறையும் இல்லாம பொன்முடி போயிட்டு வந்துட்டா, இனிமே டூர் உங்க பொறுப்பு. எதாவது குளறுபடி வந்துதோ, பழையபடி எங்க பொறுப்பாக்கும். பிறகு யாரும் வாய் திறக்கப்பிடாது."

பரீட்சை வைத்துவிட்டார். தேறினால் டூர் எங்கள் கையில், தோற்றால் மறுபடியும் சருவத்தின் அடிப்பாகம்.

போனது பதினாலு பேர். அதில் ஒருவரைப் பற்றி மட்டும் இப்போதே சொல்லியாக வேண்டும். எங்கள் போதகரின் மனைவி. நாங்கள் எல்லோரும் போதகரம்மா என்போம். ஐம்பது தாண்டியவர். கஞ்சி போட்ட சேலை, இறுக்கி முடிந்த கொண்டை, அளந்து பேசும் பேச்சு. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம், போதகரம்மா இருக்கிற இடத்தில் எதையும் அவர்தான் தொடங்கவேண்டும். முதல் நாற்காலி அவருக்கு, முதல் இலை அவருக்கு. அவர் கை வைக்காமல் சோற்றில் யாரும் கை வைக்க மாட்டோம். அவர் ஏறாமல் வண்டியில் யாரும் ஏற மாட்டோம். இதை யாரும் சொல்லித் தந்ததில்லை, கால் தானாகவே விலகி வழி விடும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

காலை ஐந்தரைக்கு சபை வாசலிலிருந்து டெம்போ ட்ராவலர் கிளம்பியது. எல்லோரும் சங்கத்தின் இளநீலச் சேலையில். டிரைவர் சசி நெடுமங்காட்டுக்காரர், பேசுவது பாதி தமிழ் பாதி மலையாளம். திருவனந்தபுரம் நகரத்துக்குள் போனால் நேரம் போகும் என்று நெய்யாற்றின்கரை, காட்டாக்கடை, ஆரியநாடு வழியாக வித்துராவுக்கு விட்டார். எங்கள் ஊரிலிருந்து வித்துராவுக்கு ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. தெற்கிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த வழிதான் நல்லது. வளைவு அதிகம், வாந்தி வரும் ஆட்கள் முன்னால் உட்காருங்கள். நாங்கள் இந்தத் தடவை தாராளமாக முன்னால் உட்கார்ந்தோம்.

ஏழே முக்காலுக்கு வித்துரா சந்தை முக்கில் டீ, புட்டு, கடலை. டீக்கடைக்கு எதிரே ஒரு பெரிய போர்டு. 'மழத்துள்ளி வாட்டர் தீம் பார்க், நெடுமங்காட்டிலிருந்து 9 கி.மீ.' மழத்துள்ளி என்றால் மழைத்துளி. போர்டில் ஒரு நடுவயதுப் பெண் சறுக்குக் குழாயில் வாயெல்லாம் பல்லாக வந்துகொண்டிருந்தாள். எங்கள் தங்கபாய் அக்கா புட்டைப் பிசைந்துகொண்டே அதை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவளுக்கு கிறுக்காட்டு இருக்குமோ பிள்ளே? வெள்ளத்துல விழப்போறா, இந்தச் சிரி சிரிக்கா!"

நாங்கள் சிரித்தோம். போதகரம்மா சிரிக்கவில்லை, ஆனால் அவரும் அந்தப் போர்டைப் பார்த்தார். டீ ஆறுகிற வரைக்கும் பார்த்தார்.

எட்டரைக்குப் பொன்முடி அடிவாரத்தில் கல்லாறு. அங்கே எங்கள் பரீட்சைக்கு முதல் கேள்வித்தாள் காத்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம் பெய்த ஐப்பசித் துலா மழையில் மேலே கொண்டைஊசி வளைவு ஒன்றில் மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டதாம். செக்போஸ்டில் கம்பு குறுக்கே கிடந்தது. காவலரிடம் எப்போது திறப்பீர்கள் என்று கேட்டேன். "மண்ணு மாத்தினா திறக்கும், இன்னைக்கு நோக்கண்டா சேச்சி" என்று கையை விரித்துவிட்டார்.

எங்களுக்கு முகம் செத்துப்போயிற்று. ஆற்றங்கரையில் பாறைமேல் உட்கார்ந்தோம். கல்லாற்றில் தண்ணீர் கண்ணாடிபோல ஓடும், பார்த்தால் இறங்கச் சொல்லும். இறங்காதீர்கள். பாறை வழுக்கும், மேலே பெய்த மழைக்கு இங்கே திடீரென்று வெள்ளம் ஏறும், அடிக்கடி உயிர் போகிற இடம். காலை மட்டும் நனைத்துவிட்டு எழுந்து வாருங்கள். நாங்கள் அதைத்தான் செய்தோம். ஒரு மணிநேரம் இருந்து பார்த்தும் கம்பு அசையவில்லை.

சசி மெல்ல என் பக்கம் வந்தார். "சேச்சி, வண்டி திருப்பணுமல்லே. ஞானதாஸ் சாரைக் கூப்பிட்டு ஒண்ணு கேக்கட்டே? கடையில போன் உண்டு."

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியவில்லை. "இதுல அவருகிட்ட கேக்கதுக்கு என்ன இருக்கு சசி? டூர் யாருக்க டூர்? எங்க போகணும்னு எங்ககிட்ட கேளுங்க."

"செரி. எங்க போகணும்?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை. பதிமூன்று பேரும் என் வாயைப் பார்க்கிறார்கள். திரும்பி ஊருக்குப் போனால் மத்தியானத்துக்குள் சபை வாசலில் நிற்போம், ஞானதாஸ் சார் "நான் அப்பவே சொன்னேன்" என்பார். அந்தச் சத்தம் காதில் கேட்டுவிட்டது. போர்டில் சிரித்த பெண் அப்போதுதான் ஞாபகம் வந்தாள். "மழத்துள்ளிக்குப் போவோம்" என்றேன்.

"பார்க்குக்கா? அது சின்னப் பிள்ளைகளுக்க எடமாக்கும்!" என்று தங்கபாய் அக்கா பதறினார். நாலைந்து பேர் அவர் பக்கம் சேர்ந்தார்கள். நான் போதகரம்மாவைப் பார்த்தேன். அவர் எழுந்து சேலையைத் தட்டிவிட்டு, "சோத்த எடுத்து வைங்க. சாப்பிட்டுட்டுப் போவோம்" என்றார். அவ்வளவுதான், தீர்ப்பாகிவிட்டது. பத்தரை மணிக்கே கல்லாற்றுப் பாறையில் உட்கார்ந்து எலுமிச்சம்பழச் சோறும் அவித்த முட்டையும் கோழி வறுவலும் தின்று முடித்தோம். அது எவ்வளவு புத்தியான காரியம் என்று பிறகுதான் தெரிந்தது. பார்க்குக்குள் வெளிச் சாப்பாடு விட மாட்டார்கள்.

கல்லாற்றிலிருந்து வித்துரா, நெடுமங்காடு, அங்கிருந்து ஒரு கிளை ரோடு. மொத்தம் முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும், ஒன்றேகால் மணிநேரம். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ரப்பர். சசிக்கு அந்த இடம் அத்துபடி. பார்க்கின் முதலாளி கல்ஃபில் பைப் ஃபிட்டராக இருந்தவராம். தொண்ணூறுகளில் ஊருக்குத் திரும்பியபோது பங்கில் கிடைத்தது செங்குத்தாக நின்ற ஒரு ரப்பர் குன்று. ரப்பர் விலை விழுந்து கிடந்த நேரம். வெட்டிப் போட்டுவிட்டு நெடுமங்காட்டில் கடைக் கட்டிடம் கட்டி வாடகைக்கு விடு என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் 'எனக்குத் தெரிந்தது பைப்பும் தண்ணீரும்தான்' என்று சொல்லிக் குன்றின் சரிவிலேயே ஒரு சறுக்கும் கீழே ஒரு குளமும் கட்டினாராம்.

"நாட்டுல சிரிக்காத ஆளில்லை சேச்சி" என்றார் சசி. "ஆறு மாசம் சும்மா மழை பெய்யுற ஸ்தலம். இங்க நனையுறதுக்கு டிக்கெட்டோன்னு கேட்டு டீக்கடையில ஒரே சிரி. நானும் சிரிச்சதாணு. இப்ப மாசம் பத்து டிரிப் எனக்கு இந்தப் பார்க்குதான்."

பன்னிரண்டுக்கு உள்ளே போனோம். நுழைவு பெரியவர்களுக்கு நூற்று எண்பது ரூபாய். பத்துப் பேருக்கு மேல் குழுவாகப் போனால் தள்ளுபடி உண்டு, கவுண்டரில் வாய்விட்டுக் கேட்கவேண்டும், அவர்களாகத் தர மாட்டார்கள். வண்டி ஓட்டி வருகிறவருக்கு இலவசம். உள்ளே போனால், அப்பா! குன்று முழுக்க மஞ்சளும் சிவப்புமாகக் குழாய்கள் இறங்குகின்றன. கீழே அலையடிக்கும் குளம். ஒரு பக்கம் ராட்டினம், குட்டி ரயில், இடித்து விளையாடுகிற கார். மரத்தடியில் செயற்கை மழையில் பாட்டுப் போட்டு ஆடுகிற மேடை. காசு கொடுத்து மழையில் நனைகிறார்கள், அதுவும் துலா மாதத்தில்!

அப்புறம் வந்தது வினை. தண்ணீரில் சேலையோடு இறங்கக் கூடாதாம். பருத்தி நூல் ஃபில்டரை அடைக்கும், முந்தானை சறுக்கின் இணைப்பில் மாட்டும். நைலான் உடுப்பு போட்டால்தான் விடுவார்கள், வாடகைக்கு அங்கேயே கிடைக்கும். இதைக் கேட்டதும் எங்கள் கூட்டத்தில் ஓர் அதிசயம் நடந்தது. ஒவ்வொருவருக்கும் மற்றவர்கள்மேல் அன்பு பொங்கிவிட்டது.

"நீங்கெல்லாம் எறங்குங்க, பேக்க நான் பாத்துக்கிடுதேன்" என்றார் தங்கபாய் அக்கா.

"அய்யோ அக்கா, நீங்க போங்க, நான் இருக்கேன்."

"எனக்கு சளி பிடிக்கும், நானே இருக்கேன்."

இப்படியே போய் இறங்க ஓர் ஆள் இல்லை, பை காக்கப் பதினாலு பேர். நான் மட்டும் யோக்கியமா? நானும்தான் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். செக்ரட்டரி! பொன்முடியும் போகவில்லை, தண்ணீரும் தொடவில்லை, கரையில் உட்கார்ந்து பை காத்துவிட்டு வந்தோம் என்று ஊரில் போய்ச் சொன்னால் பரீட்சையில் முட்டைதான். தெரிந்தும் கால் நகரவில்லை.

உடுப்பு கவுண்டரில் இருந்த அம்மாள் எங்களைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தார். நல்ல கனத்த உடம்பு, நெற்றியில் சந்தனம், கழுத்தில் விசில். லீலாம்மா. முதலாளியின் மனைவி என்று பிறகுதான் சொன்னார்.

"இதைத்தான் மோளே நான் ஒரு வருஷம் முழுக்கப் பார்த்தது" என்று தொடங்கினார். எங்களுக்காகத் தமிழில் பேசினார், நடுநடுவே மலையாளம் வந்தது. "திறந்த முதல் ஓணத்துக்கு நல்ல கூட்டம். பிறகு ஆளில்லை. எங்க ஆளு சொன்னாரு, இன்னும் உயரமா சறுக்கு கட்டணும்னு. நான் கவுண்டர்ல இருந்து நோக்கிட்டே இருந்தேன். அச்சன் எறங்கும், பிள்ளைக எறங்கும், அம்மை கரையில. மடியில பேக், தோள்ல துவர்த்து, கையில எல்லாரோட வாட்ச். ஒரு மணிக்கூர் கழிஞ்சா அவளுக்கு மடுக்கும். 'மதி, போகாம்' அப்படீன்னு எழும்புவா. எல்லாரும் பின்னாலேயே போவாங்க. பிறகு இந்தப் பக்கம் வர மாட்டாங்க. வீட்டுல எங்க போகணும்னு சொல்றது ஆரு? அவளல்லே!"

துவர்த்து என்றால் துண்டு, மதி என்றால் போதும், மடுக்கும் என்றால் சலித்துப்போகும். எங்கள் பதினாலு பேருக்கும் அதற்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.

"எங்க ஆளுகிட்ட சொன்னேன், உயரம் வேண்டாம், இவளை எறக்கு, பார்க் பொழைக்கும்னு. சிரிச்சாரு. நான் திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்துல போய் நைலான் துணி வாங்கினேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் ரெண்டு பேரைக் கூட்டி, முழுக்கை வச்சு, கணுக்கால் வரை நீளமா சுரிதார் தச்சேன். மேல இருக்குற குளத்துக்குச் சுத்திலும் மதில் கட்டி லேடீசுக்கு மட்டும்னு ஆக்கினேன். காவலும் பெண்கள்தான். அடுத்த வெக்கேஷனுக்கு இந்தக் கேட்டுல இருந்து ரோடு வரை க்யூ." ராட்டினத்தைக் கையால் காட்டினார். "அந்த ஜயன்ட் வீல் கண்டோ? அது எங்க ஆளு வாங்கினதில்லை. இந்தச் சுரிதாராணு எனக்கு வாங்கித் தந்தது!"

சொல்லிவிட்டு மெரூன் நிறச் சுரிதார்களை அடுக்கி எங்கள் முன்னால் வைத்தார். அப்போதுதான் அது நடந்தது. யாரும் யோசித்துச் செய்யவில்லை. மேசையில் ஒன்றை எடுத்து வைத்தால் எங்கள் வழக்கப்படி முதலில் எடுக்கவேண்டியது யார்? பதிமூன்று பேரும் ஓரடி பின்னால் நகர்ந்து போதகரம்மாவுக்கு வழி விட்டோம். அவர் மேசை முன்னால் தனியாக நின்றார். ஒரு கணம் எங்களைத் திரும்பிப் பார்த்தார். லீலாம்மா அவர் அளவைக் கண்ணாலேயே பார்த்து ஒன்றை உருவி நீட்டினார். நீட்டியதை வாங்காமல் இருப்பது மரியாதை இல்லை. வாங்கிக்கொண்டார்.

அவர் வாங்கினபிறகு நாங்கள் வாங்காமல் இருக்க முடியுமா? பதினாலும் காலி.

பைகள்? பொருள் வைக்கிற லாக்கர் ஒரு கைக்குட்டைக்குத்தான் இடம் தரும். நான் சசியைக் கூப்பிட்டேன். பொதுக்குளத்தின் கரையில் ஒரு சிமென்ட் பெஞ்சில் அவரை உட்கார வைத்து, பதினாலு கைப்பையும், சேலை மூட்டையும், செருப்பும், வாட்சும் அவரைச் சுற்றி அடுக்கினோம். மனிதர் தலை மட்டும் தெரிந்தது. "இப்ப எங்ககிட்ட கேட்டது நல்லதாட்டு போச்சுல்லா சசி?" என்றேன்.

மதிலுக்குள் பெண்கள் குளத்தில் ஒரு நடுத்தரச் சறுக்கு. இரண்டு மாடி உயரம், இரண்டு சுற்று சுற்றிக் குளத்தில் கொண்டுபோய்விடும். படியேறி மேலே போனோம். மெரூன் சுரிதாரில் எங்களை எங்களுக்கே அடையாளம் தெரியாமல் சிரித்தோம், சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. சறுக்கின் வாயில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கிறது. யார் முதலில்?

கேட்கவே வேண்டாம். கால்கள் தானாக விலகின. போதகரம்மா சறுக்கின் வாயில் நின்றார்.

"எனக்கு நீச்சல் தெரியாது" என்றார் காவலுக்கு நின்ற பெண்ணிடம். "இடுப்பளவு வெள்ளம்தான் அம்மே, கை கட்டிக்கோ, கால் சேர்த்து வச்சுக்கோ" என்றாள் அவள். போதகரம்மா உட்கார்ந்தார். பிறகு எங்களைப் பார்த்து, "ஒரு சின்ன ஜெபம் பண்ணுவோம்" என்றார். பதிமூன்று தலையும் குனிந்தது, கண் மூடியது. அவர் ரொம்பச் சுருக்கமாகப் பாதுகாப்பு கேட்டார். "ஆமென்" என்றோம். கண்ணைத் திறந்தால் ஆளைக் காணோம்!

குழாய்க்குள்ளிருந்து ஒரு கூப்பாடு இறங்கிக்கொண்டே போனது. பிறகு தொப்பென்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. போதகருக்கு என்ன பதில் சொல்வேன், கமிட்டிக்கு என்ன பதில் சொல்வேன் என்று கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். தண்ணீருக்குள்ளிருந்து ஒரு தலை எழுந்தது. கொண்டை அவிழ்ந்து முடி முகமெல்லாம் ஒட்டியிருந்தது. அதை இரண்டு கையாலும் வழித்துவிட்டு, வாயைப் பிளந்து, குளமே அதிரச் சிரித்தார். நான் கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் போதகரம்மா சத்தம் போட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

"என்ன பாத்துட்டு நிக்கிய? வாங்க!" என்று கீழேயிருந்து கத்தினார். "நான் திரும்ப மேல வாறேன்!"

"அம்மாவே போயாச்சு, இனி என்ன?" என்று தங்கபாய் அக்கா என்னை ஒரு இடி இடித்து விலக்கிவிட்டு உட்கார்ந்தார். அவர் போன கூப்பாடு நெடுமங்காடு வரைக்கும் கேட்டிருக்கும். பிறகு நான். அந்த இரண்டு சுற்றையும் எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. முதல் சுற்றில் செத்தேன் என்று நினைத்தேன், இரண்டாம் சுற்றில் சாகவே கூடாது என்று நினைத்தேன். தண்ணீரில் விழுந்து எழுந்தபோது மூக்கெல்லாம் எரிந்தது, அப்படி ஒரு சந்தோஷம்.

ஒவ்வொருவரும் நாலைந்து தடவை போயிருப்போம். மூச்சு வாங்கக் கரையில் உட்கார்ந்தபோது போதகரம்மா தலைமுடியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "இருபத்தஞ்சு வருஷமா எல்லாத்துக்கும் என்னையாக்கும் முதல்ல பிடிச்சுத் தள்ளுதிய. முதல் நாற்காலி, முதல் இலை. எனக்கும் ஒரு தடவை பின்னால நின்னு வேடிக்கை பாக்கணும்னு இருந்துருக்கு. ஆனா இன்னைக்குத் தள்ளினியளே, அதுக்கு ஒரு பிரயோஜனம் இருந்துது." சொல்லிவிட்டு எழுந்து மதிலுக்கு வெளியே கை காட்டினார். "அந்தப் பெரிய சறுக்கு என்ன, அவ்வளவு உயரமாட்டு?"

அது பொதுச் சறுக்கு. குன்றின் தலையிலிருந்து நேராக இறங்கும் ஏழு தடம், ஒரே நேரத்தில் ஏழு பேர் பாய்மேல் குப்புறப் படுத்து வரலாம். ஆண்கள், காலேஜ் பையன்கள் எல்லோரும் நிற்கிற இடம். ஒரு மணிநேரத்துக்கு முன்னால் பை காத்துக்கொண்டிருப்பேன் என்று அழுத கூட்டம் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று படியேறியது. உச்சியில் எங்கள் கால்கள் பழக்கதோஷத்தில் மறுபடி விலகின. போதகரம்மா அசையவில்லை. "இதுல முதல்ல பின்னாலன்னு கிடையாது. ஏழு ஏழு பேராட்டு ஒண்ணாட்டு போவோம்." அப்படியே போனோம். கீழே பெஞ்சில் சசி எழுந்து நின்று கை தட்டினார், ஒரு செருப்பு குளத்தில் விழுந்தது.

அலைக்குளத்தில் மூன்று தடவை அலை பார்த்தோம், அரைமணிக்கு ஒருமுறை விடுவார்கள். மூன்றரைக்கு வானம் இருட்டி இடி இடித்தது. விசில் அடித்து எல்லாச் சறுக்கையும் நிறுத்திவிட்டார்கள். அது நல்ல வழக்கம், சண்டை போடாதீர்கள். கொட்டகையில் உட்கார்ந்து சூடான பரிப்புவடையும், பால் விடாத கட்டன்சாயாவும். வெளியே இலவச மழை பெய்தது. ஐந்துக்குக் கிளம்பும்போது லீலாம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போதகரம்மா என்னவோ பேசிக்கொண்டிருந்தார். நெடுமங்காடு வந்ததும் என் செல்போனுக்கு சிக்னல் கிடைத்தது, உடனே வீட்டுக்காரர். "பொன்முடியில பனி எப்படி?" "பனி இல்ல, நல்ல வெள்ளமாக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஊர் வருகிற வரை பாட்டுதான். எட்டுமணிக்கு சபை வாசல்.

மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால் மாமரத்தடியில் ஞானதாஸ் சார், கமிட்டியோடு. கையில் பேப்பர். "பொன்முடி ரோடு அடைச்சிருந்துதுன்னு போட்டிருக்கான். அப்போ கல்லாறுல இருந்தே திரும்பிட்டிய, இல்லையா? நான் சொன்னேன்ல. பரவாயில்ல, முயற்சி பண்ணினிய. அடுத்த வருஷம் நாங்களே..."

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. போதகரம்மா. சபை முற்றத்தில் அவர் ஆண்களிடம் நின்று பேசி யாரும் பார்த்ததில்லை.

"திரும்பல சார். வழி அடைச்சிருந்துது, செக்ரட்டரி வேற வழி கண்டுபிடிச்சா, போனோம். பதினாலு பேரும் போனோம், பதினாலு பேரும் பத்திரமாட்டு வந்தோம். ஒரு குறையும் இல்ல. நீங்க சொன்ன வார்த்தை அதுதானே? அடுத்த வருஷ டூருக்கு மழத்துள்ளி பார்க் அம்மாகிட்ட நேத்தே சொல்லி வச்சாச்சு."

ஞானதாஸ் சார் பேப்பரை மடித்தார். மறுபடியும் மடித்தார். "சரி. அப்போ... உங்க பொறுப்புதான்" என்றார். என் வீட்டுக்காரர் இந்தத் தடவை மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் சிரித்துக்கொண்டு பார்த்தார். ஜெயித்துவிட்டோம்! இதை எழுதும்போதும் எனக்குக் கை துள்ளுகிறது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு பதினெட்டு கிலோமீட்டர், பஸ் நிறைய. அங்கிருந்து ஆட்டோ. பார்க் பத்தரைக்குத் திறக்கும். துலா மாதத்தில் போனால் காலையிலேயே சறுக்குகளை முடித்துவிடுங்கள், மத்தியானத்துக்கு மேல் இடி வரும். ஓண விடுமுறையில் மட்டும் போகாதீர்கள், க்யூவிலேயே வயசாகிவிடும். நைலான் உடுப்பு வாடகை முப்பது ரூபாய், சொந்தமாக இருந்தால் கொண்டுபோகலாம். மாற்றுத்துணி, தலைக்குத் தேய்க்க எண்ணெய், மூக்குத்தி கம்மலைக் கழற்றி வைக்க ஒரு டப்பா. அன்று பொன்முடி ரோடு திறந்திருந்தால் நாங்கள் மேலே போய்ச் சோறு பரிமாறிவிட்டுத்தான் வந்திருப்போம், ஆண்கள் இல்லாவிட்டாலும். பழக்கம் அப்படி. ஆகவே எங்கே போனாலும், உங்களோடு வருகிறவர்களில் கரையில் உட்காருவது யார் என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். எல்லா வருஷமும் ஒரே ஆளாக இருந்தால், அந்த ஆளை எழுப்பிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. லாக்கரை நம்பாதீர்கள், பை பார்த்துக்கொள்ள ஒருவரைக் கையோடு கூட்டிப்போங்கள். எங்களுக்கு அந்தக் கவலை தீர்ந்தது. அந்த ஞாயிறு சாயங்காலமே ஞானதாஸ் சார் போதகர் வீட்டுக்குப் போயிருக்கிறார். டீ குடித்து, மழையைப் பற்றிப் பேசி, கிளம்புகிற நேரத்தில் வாசற்படியில் நின்று மெல்லக் கேட்டாராம், அடுத்த வருஷம் அந்தப் பார்க்குக்கு ஆண்களும் வரலாமா என்று.

"வாங்களேன் சார்" என்றாராம் போதகரம்மா. "பேக் பாத்துக்கிடதுக்கு ஆள் வேணும்."

என் வீட்டுக்காரரையும் சேர்த்து ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.